முன்னால் ஒட்டிய மூன்று எழுத்து

அவளுக்குத் தீப்பொறி என்று பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் கையிலிருந்த வெல்டிங் ராடு. மீதிக்கு அவள் வாய். பேருந்து நிலையத்தை ஒட்டி அவளுடைய பட்டறை. ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, கேட் என்று அந்த ஊரில் இரும்பாக எது நின்றாலும் அவள் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். புருஷன் பஸ் கண்டக்டர். சத்தமெல்லாம் பஸ்ஸோடு சரி. வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டு.

கடல் தாண்டி, கடற்கரைக்குப் பேர்போன ஒரு பெரிய நகரத்துக்கும் அந்த ஊரின் பெயரேதான். அதனால் அவ்வப்போது குழப்பம் வரும். ஒரு கோடையில் வெளியூர் ஜோடி ஒன்று கடற்கரைக் குடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டது. போனில் பெயரை மட்டும் பார்த்து அறை எடுத்திருக்கிறார்கள். ஏமாந்த கடுப்பில் சாக்கடை ஓரமாகக் குடையை விரித்து உட்கார்ந்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். தலைப்பு: 'போலி ஊர்.' அது உலகம் சுற்றியது.

நகராட்சித் தலைவருக்கு மானம் கப்பலேறிவிட்டது. ஊர்ப் பெயருக்கு முன்னால் 'சின்ன' சேர்ப்பதாகத் தீர்மானம் போட்டுவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார்.

"நுழைவு வளைவுல இருக்கிற எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, முன்னால மூணு எழுத்து பத்தவைக்கணும்மா."

"எதுக்குத் தலைவரே?"

"அவங்க பெரிய ஊரு, நாம சின்ன ஊரு. உள்ளதைச் சொல்றதுல என்ன வெட்கம்?"

"அப்ப அவங்களைப் 'பெரிய'ன்னு போட்டுக்கச் சொல்லுங்க. என் கையால இது நடக்காது."

தலைவர் வெறும் கையோடு திரும்பினார். அவள் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரிலேயே இன்னொரு பெண் படித்தாள். மில் முதலாளி மகள். டீச்சர் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இவளை 'சின்னவளே' என்றார். இத்தனைக்கும் வயதில் இவள்தான் மூத்தவள். படிப்பு முடியும்வரை அந்த ஒட்டு உதிரவில்லை.

தலைவர் வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலையை முடித்தார். அன்று புருஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"பஸ்ல புதுப் பேரைச் சொல்லிக் கத்தணுமாம். கத்தினேன். மொத்த பஸ்ஸும் சிரிக்குது."

"நீங்க?"

"எனக்கு அழுகை வந்துச்சு." பிறகு போனை எடுத்து நீட்டினான். "நம்ம பேர்ல எங்கெங்க ஊர் இருக்குன்னு தேடிப் பார்த்தேன். பனிமலை மேல ஒண்ணு இருக்கு. பாலைவனத்துல ஒண்ணு, வெறும் பெட்ரோல் பங்க்குதான். இன்னொண்ணு அணை கட்டினப்ப தண்ணிக்குள்ளயே போயிடுச்சாம். அதுக்கும் பழைய பேருதான்."

அவள் அவனையே பார்த்தாள். "தண்ணிக்குள்ள போன ஊரே பேரை விடலை. நாளைக்கு லீவு போடுங்க."

மறுநாள் கடைத்தெருவே பார்க்க, கேஸ் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் வளைவுக்குப் போனார்கள். புருஷன் ஏணியைப் பிடித்தான். ஏணி ஆடியதா அவன் ஆடினானா என்று சொல்வது கஷ்டம். "வேண்டாம்னா இப்பவே இறங்கிடுறேன்," என்றாள் மேலிருந்து. அவன், "பேசாம வெட்டு!" என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை அவன் அதட்டியது அதுதான் முதல் தடவை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மூன்றாவது எழுத்து இறங்கும்போது போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க. தலைவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டா விட்டுடலாம்."

"வெட்டினது நான்தான். கேஸ் போடுங்க. பேரு என்ன, அந்தப் பெரிய ஊருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா?"

கேஸ் போட்டார்கள். கோர்ட்டிலும் அதையே சொல்லி, அபராதம் கட்டினாள். நகராட்சி வேலை எதுவும் அவள் பட்டறைக்குப் போகக் கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். அந்த வருஷம் வீட்டுச் செலவு கையைக் கடித்தது. உடைந்த நாற்காலிக்குக் கால் ஒட்டிக் காலம் தள்ளினாள். ஆனால் எழுத்தை மறுபடி வைக்கவும் தலைவரால் முடியவில்லை. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களே, "எங்க வீட்டுலயே எங்களோட யாரும் பேசறதில்லை," என்று நழுவினார்கள். தீர்மானம் கிடப்பில் போனது. தள்ளி வைத்த பழைய பெயர் மட்டும் வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

ஒருநாள் தலைவரே பட்டறைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்குள் வீட்டுக் கேட் மாற்ற வேண்டும். வெளியூர்க்காரன் செய்த கேட் தரை தட்டுகிறதாம்.

"செய்யறேன் தலைவரே," என்றாள் தீப்பொறி, கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "அதுக்கு முன்னால ஒரு வேலை பாக்கி இருக்கு. ஊர்ப் பேரை வளைவுல நடுவுக்குக் கொண்டு வரணும்."

"அதுக்குக் கூட்டம் கூட்டணுமேம்மா..."

"கூட்டுங்க. கேட் எங்கே ஓடிடப் போகுது?"

அவர் கூட்டினார். அவள் ஏறினாள். இந்தத் தடவை ஏணியைப் பிடிக்கப் புருஷன் கிடைக்கவில்லை. பஸ் வாசலில் தொங்கியபடி, ஒட்டு எதுவுமில்லாத ஊர்ப் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.