நடக்கும் எள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓர் அமாவாசைக் காலை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஆற்றங்கரை அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து நகர்ந்தேன். சற்றுத் தள்ளி, காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் கரையோர ஈரமணலில் கை நிறையத் தண்ணீர் அள்ளி இறைத்துக்கொண்டிருந்தார். கழுத்துக் கயிற்றில் பூதக்கண்ணாடி.

“யாருக்குங்க?” என்றேன்.

“யாருக்கும் இல்லீங்க. தண்ணி பட்டா வண்டு மேல வரும்.”

மணலுக்குள் தண்ணீர் மெல்ல இறங்க, எள்ளளவு கருப்பு உயிர்கள் எழுந்து நடந்தன.

“இந்த வண்டுக்குப் பேர் என்னங்க?”

“பார்வைக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கொன்னு, வயித்தைப் பிரிச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் எந்த இனம்னு தெரியும்.” காலிக் கண்ணாடிக் குழாயை மூடிப் பைக்குள் வைத்தார். “இன்னிக்கு இருக்கட்டுங்க.”

அவர் பெயரையும் நான் கேட்கவில்லை. அடுத்த அமாவாசையன்று உள்ளங்கை எள்ளில் தண்ணீர் விழுந்தபோது, சாஸ்திரிகள் “விடுங்கோ” என்று சொல்லியும், அந்த எள் எழுந்து நடக்குமோ என்று கையைச் சாய்க்காமல் நின்றேன்.