ஆட்டோவில் போன விஷுக்கணி

விஷு அன்று காலையில் கண் விழித்ததும் முதலில் எதைப் பார்க்கிறோமோ, அதுதான் அந்த வருஷம் முழுக்க நமக்கு நடக்கும் என்பது அம்மாவின் கட்சி. அதற்காக முந்தின நாள் ராத்திரியே வெண்கல உருளியில் அரிசி பரப்பி, அதன் மேல் மஞ்சள் வெள்ளரி, மாங்காய், தேங்காய் மூடி, வெற்றிலை பாக்கு, தன் சங்கிலி, சில்லறைக் காசு, சலவை வேட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் அடுக்கி, கிருஷ்ணன் படத்தின் முன்னால் வைத்து, கொன்றைப் பூவைக் கொத்துக் கொத்தாகச் சொருகிவிடுவாள். இதற்குப் பெயர்தான் கணி. விடிவதற்கு முன் எங்களை எழுப்பி, கண்ணைப் பொத்தி, பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்துவாள். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் படுக்கும் அறைக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில் ஒரு தையல் மிஷின் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் என் முழங்கால் அதில் இடிக்காமல் விஷு பிறந்ததில்லை.

எதிர் வீட்டில் திருநெல்வேலிக்காரர்கள். அவர்களுக்கு அன்று வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி அங்கிருந்து வரும், எங்கள் வீட்டுப் பாயசம் அங்கே போகும். அவர்கள் ஆறு மணிக்குச் சாவகாசமாக எழுந்து பல் தேய்ப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அம்மாவிடம் ஆதாரங்கள் நிறைய உண்டு. ஒரு வருஷம் நான் விரலிடுக்கில் திருட்டுத்தனமாகப் பார்த்து, கணிக்குப் பதிலாகச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துவிட்டேன். அந்த வருஷம்தான் கணக்கில் கோட்டை விட்டேன். அதற்கு முந்தின வருஷம் முழுக்க நான் கணக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை என்பது அம்மாவுக்குப் பொருட்டில்லை.

அச்சனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அப்பாவை நாங்கள் அச்சன் என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. உருப்படிகளை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்லும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். "கணி பாத்த எனக்கும் இன்க்ரிமென்ட் வந்துச்சு, பாக்காத எதிர் வீட்டுக்காரனுக்கும் அதே இன்க்ரிமென்ட்தான் வந்துச்சு. அப்புறம் எதுக்கு என் தூக்கத்தைக் கெடுக்கறே?" என்பார். (வீட்டில் பேசியதெல்லாம் மலையாளம். இத்தனை வருஷத்தில் அது தமிழோடு கலந்து, ஊருக்குப் போனால் அங்கே யாருக்கும் புரியாத ஒன்றாக ஆகிவிட்டிருந்தது. அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.)

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அச்சனுக்குக் கண்ணில் புரை வந்தது. மற்றவர்களுக்கு வந்தால் ஒரு கண் போனாலும் இன்னொரு கண் இருக்கிறது. அச்சனுக்கு இருந்ததே ஒரு கண்தான். ஆவடிக்கு வருவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தபோது இரும்புத் தூள் தெறித்து இடது கண் போய்விட்டது. அதில் வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். வலது கண்ணை வைத்துத்தான் இத்தனை வருஷம் எங்கள் எல்லோரிடமும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அதிலும் புரை. சாம்பாரில் கிடந்த தலைமுடியை அவர் பேசாமல் சாப்பிட்ட அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆபரேஷன் செய்து உள்ளேயே லென்ஸ் வைத்துவிடலாம், மறுநாள் காலை கட்டை அவிழ்த்துவிடலாம் என்றார் அம்பத்தூர் நர்சிங் ஹோம் டாக்டர். ஒரே கண் என்பதால் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும், நூற்றுக்கு நூறு என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.  அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்க்கிற நாள் விஷு.

"டாக்டர், ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"தள்ளக் கூடாது" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ஊர்ல எல்லாரையும் கண்ணை மூடிட்டு வாங்கன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. இங்க ஆண்டவனே கட்டி அனுப்பறான். கணியை இங்க கொண்டு வந்துடறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து அச்சனைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். ராத்திரி துணைக்கு யாரும் தங்கக் கூடாது என்பது அங்கே விதி. கிளம்பும்போது அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இடது கண்ல வெளிச்சம் தெரியும் இல்லே? அதுவும் பாக்கறதுதானே?" அதற்கும் கட்டுப் போடும்படி நர்ஸிடம் கேட்டாள். நல்ல கண்ணுக்கெல்லாம் கட்டுப் போட முடியாது என்றாள் நர்ஸ். அது நல்ல கண்ணே இல்லை என்று அம்மா வாதாடிப் பார்த்தாள். கடைசியில் தன் கைக்குட்டையை எடுத்து அவளே கட்டிவிட்டாள். "காலைல நான் வர்ற வரைக்கும் அவிழ்க்காதீங்க."

"நீ வீட்டுக்குப் போ" என்றார் அச்சன். நாங்கள் மாடிப்படி இறங்குவதற்குள் பிய்த்துப் போட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா முதலில் எனக்கு வீட்டில் கணி காட்டினாள். முழங்கால் வழக்கம்போல இடித்தது. அப்புறம் அதே கணியைப் பிரித்து மூட்டை கட்டினோம். உருளி ஒரு கூடையில், கிருஷ்ணன் படமும் குத்துவிளக்கும் இன்னொன்றில், அரிசி ஒரு பையில், கண்ணாடி துண்டில் சுற்றி என் மடியில். பலாப்பழமும் வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தால் நான் வரவே மாட்டேன் என்று கத்தினேன். பிறகு அதையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, காலங்காத்தால ஊடு மாத்துறீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப்பா. அம்பத்தூர்."

"ஆஸ்பத்திரிக்கு பலாப்பயமா? பேஷண்ட் நல்லாத்தான் கீறாரா?"

"அவருக்குக் கண் ஆபரேஷன். கட்டு அவிழ்த்ததும் பாக்கறதுக்கு."

அவர் வண்டியைக் கிளப்பினார். "பாத்துட்டு அப்பால துண்ணலாம், அப்படித்தானே?" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திருமுல்லைவாயில் வரைக்கும் அந்த மனிதருக்கு விஷு என்றால் என்ன என்று வகுப்பெடுத்தாள். அம்பத்தூரில் இறங்கும்போது அவர், "எனக்கும் ஒரு தபா காட்டும்மா, வண்டிக்கு டியூ கட்ட முடியாம கஷ்டப்பட்டுக்கினு கீறேன்" என்றார். திரும்பிப் போகும்போது காட்டுவதாக அம்மா வாக்குக் கொடுத்தாள். அவர் அங்கேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

வார்டில் இரண்டே கட்டில்கள். ஒன்றில் நெமிலிச்சேரிப் பக்கத்து விவசாயி ஒருவர், அவருக்கும் புரை ஆபரேஷன், ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் மங்கல். இன்னொன்றில் அச்சன். இரண்டு கண்களிலும் கட்டு. கைக்குட்டை அப்படியே இருந்தது.

"ராத்திரி பூரா அத்த எடுக்கவே இல்லமா" என்றார் விவசாயி. "காபியக்கூட தடவித் தடவி குட்ச்சாரு. எனுக்கு பயமாப் பூட்ச்சி, இன்னாடா இது, ரெண்டு கண்ணுமே பூட்ச்சான்னு."

அச்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முடிச்சு அவிழ வரலை" என்றார். அம்மா போடும் முடிச்சு இழுத்தால் அவிழ்ந்துவிடும். 

ஸ்டூலின் மேல் உருளியை வைத்து அம்மா கணியை மறுபடி அடுக்கினாள். குத்துவிளக்கில் எண்ணெய் விட்டுத் தீப்பெட்டியை எடுத்ததும் நர்ஸ் ஓடி வந்தாள். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதாம். விளக்கில்லாத கணியா என்று அம்மா கலங்கிவிட்டாள். நான் பையிலிருந்து டார்ச்சை எடுத்து கிருஷ்ணன் மேல் அடித்தேன். கிருஷ்ணன் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்த மாதிரி தெரிந்தார்.

டாக்டர் வந்தார். முதலில் என்னைத்தான் திட்டினார். "ஆபரேஷன் பண்ண கண்ணுல டார்ச் அடிக்கவா கொண்டு வந்தே? அணை அதை." அப்புறம் வரிசைப்படி விவசாயியின் கட்டிலுக்குப் போனார்.

அம்மா தவித்துப்போனாள். கணியை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்வது பாவம். ஆனால் அச்சனுக்கென்று வைத்த கணியை வெளியாள் ஒருவர் முதலில் பார்த்தால் அதில் மிச்சம் என்ன இருக்கும் என்ற பயமும் இருந்தது. உருளியைச் சுவர் பக்கம் திருப்பினாள். பிறகு மனசு கேட்காமல் பாதி திருப்பினாள். அதற்குள் கட்டு அவிழ்ந்துவிட்டது. பெரியவர் கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தாயே! இன்னா ஜோரா கீது! எங்க பையன் வெறும் ஊசி மருந்துக்குத்தான் துட்டு கட்டினான், இதெல்லாம் வேற தராங்களா?"

இன்று விஷு, இது கணி, எங்கள் வழக்கம் என்று அம்மா சொன்னாள். கணி பார்த்ததும் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கையில் காசு கொடுப்பது உண்டு என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் உடனே இடுப்பு முடிச்சை அவிழ்த்து எனக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். அந்த மஞ்சள் வெள்ளரிக்கு விதை கிடைக்குமா என்று கேட்டார். அம்மா முழு வெள்ளரியையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் அதிகமானது. இவருக்குக் கண் தெரிந்துவிட்டது. அடுத்தது அச்சன்.

டாக்டர் அச்சன் பக்கம் வந்தார். அம்மா உருளியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அதில் காசுகள் சலசலவென்று சத்தம் போட்டன. டாக்டர் கட்டைப் பிரித்து, மருந்துப் பஞ்சால் துடைத்து, கைக்குட்டையையும் எடுத்துவிட்டார்.

"மெதுவா கண்ணைத் திறங்க."

அச்சன் திறக்கவில்லை.

"வலிக்குதா? திறங்க சார்."

அவர் இறுக மூடிக்கொண்டிருந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அச்சன் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

"எல்லாம் சரியா வெச்சிருக்கியா?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே. "கண்ணாடி வெச்சியா? பூ வெச்சியா?"

"வெச்சாச்சு. எல்லாம் வெச்சாச்சு. நேரா முன்னால இருக்கு. பாருங்க."

அச்சன் திறந்தார். கண் சிவந்து, தண்ணீர் வழிந்தது. இரண்டு மூன்று முறை சிமிட்டினார். அம்மா உருளியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவர் பார்வை உருளியில் நிற்காமல் மேலே போயிற்று. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"தலை முழுக்க நரைச்சிருக்கே" என்றார். "எப்போ இப்படி ஆச்சு?"

 அம்மாவுக்கு ஒரேயடியாக அழுகையும் கத்தலுமாக வந்தது. "என் தலையை எதுக்குப் பாத்தீங்க? கணி கீழ இருக்கு! அவ்வளவு தூரம் ஆட்டோல தூக்கிட்டு வந்து... பலாப்பழம் முதற்கொண்டு... ஒரு வருஷம் போச்சே!" டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், இது கணக்குல சேராது. ஒரே ஒரு தடவை திரும்பக் கட்டிட்டு அவிழுங்க."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் அச்சனைப் பார்த்தார்.

"வேண்டாம் டாக்டர்" என்றார் அச்சன். "எனக்கு இந்தக் கணியே போதும்."

அம்மா உருளியை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.