சால்ட் லேக்கில் கறுப்பு மணத்தக்காளி

மாற்றலாகிக் கொல்கத்தா வந்து எட்டு மாதம். சால்ட் லேக்கில் இருக்கும் அலுவலக நண்பர் சுந்தரம் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு போனோம். பெஹாலாவில் எங்கள் வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர்தான். இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். இறங்கும்போதே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

இரண்டரை மணிக்குச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் காலி மனையிலிருந்து எங்கள் மூன்று வயது மீனு வந்தாள். வாயெல்லாம் ஊதா. கையில் கறுப்புப் பழங்கள், கூடவே சில பச்சைக் காய்கள்.

"மணத்தக்காளிதான், பயப்படாதே" என்றேன் மனைவி வசந்தியிடம்.

"மணத்தக்காளி சிவப்பாத்தாங்க இருக்கும். இது கறுப்பு!" என்று கத்தினாள்.

அவள் கோவில்பட்டிக்காரி. அவள் வீட்டுக் கொல்லையில் முளைத்தது சிவந்து பழுக்கிற வகை. நான் கும்பகோணத்தில் தின்று வளர்ந்தது கறுப்பு. இலையும் வெள்ளைப் பூவும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு வகையின் தண்டில் கொஞ்சம் சுணை இருக்கும். இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோதே என் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காயும் பழமுமாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

ஓட்டுநர் பீகார்க்காரர். கிளையைப் பார்த்ததும், "அரே பாபு, யே தோ மகோய் ஹை!" என்றார், இது மகோய்தானே என்று. அவர் ஊரில் பிள்ளைகள் பறித்துத் தின்பார்களாம். வசந்தி மீனுவின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். இருபது நிமிடம், ஐம்பத்தைந்து ரூபாய்.

ஆஸ்பத்திரியில் மணத்தக்காளி என்றால் யாருக்கும் புரியவில்லை, மகோய் புரிந்தது. டாக்டரம்மா கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழுத்தது பரவாயில்லை. பச்சைக் காய்தான் ஆகாது, எத்தனை தின்றாள்?"

எங்களுக்குத் தெரியவில்லை. இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

மூன்றரை மணி நேரம் இரும்பு நாற்காலியில். மீனு ஒருமுறை வாந்தி எடுத்தாள், பிறகு தூங்கிப்போனாள். அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு எழுந்து, "பசிக்குதும்மா" என்றாள். வசந்தி அப்போதுதான் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில், "நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள்.

"எனக்கு நிச்சயமாத் தெரியாது வசந்தி. நீ கத்தலேன்னா அங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

அவள் மீனுவை என் மடிக்கு மாற்றினாள்.

குழந்தையோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காலி மனைகளில் கண் இருக்கட்டும். எதையாவது தின்றுவிட்டால் பெயரை நம்பாமல் கிளையோடு டாக்டரிடம் ஓடுங்கள். எந்த வகை என்று வீட்டில் வாதாடாதீர்கள். நான் விளக்கம் சொல்லியே பத்து நிமிடத்தைக் கழித்தேன்.