மாவு பொங்க வைத்த கம்ப்யூட்டர்

மலைமேல் இருக்கும் எங்கள் பள்ளியில் நான் ஆசிரியை. மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடித்துக்கொள்கிறார்கள். அண்ணன் ரத்தப் புற்றுநோயில் போன பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டரை நான் சும்மா இருக்க விட்டதில்லை. புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இணையம் வழியே கணக்குகளை அனுப்பும். நமக்கு வேலையில்லாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அவற்றைப் போட்டுத் திருப்பி அனுப்பும். கரண்ட் மட்டும் நம்முடையது.

ஜீப் ஓட்டும் என் கணவருக்கு அந்தக் கரண்ட்தான் கண்ணை உறுத்தியது. "ஊருக்கு உழைக்கிறியே, வரியிலயாவது கழிச்சிக் குடுப்பாங்களா? ஆடிட்டரக் கேளு. இல்லன்னா ஆஃப் பண்ணிடு" என்றார். நானும் வீம்புக்குச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

கீழே டவுனில் ஆடிட்டர் ரசீது கேட்டார். ஆராய்ச்சிக்கூடம் அனுப்பிய நன்றிச் சான்றிதழைக் காட்டினேன்.

"இது ரசீது இல்ல மேடம். இங்க பதிவு பண்ண அறக்கட்டளைக்குப் பணமா குடுத்திருந்தாதான் கழிக்க முடியும். பொருளா, உழைப்பா குடுத்தா கெடையாது."

கரண்ட் பில்லை நீட்டினேன்.

"அது கரண்ட் ஆபீஸ் கணக்கு. தர்மக் கணக்கு இல்ல."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு வரிச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இடமிருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த என் கணவர் எனக்குப் பரிந்து பேச வந்தார், என் போதாத காலம். "சும்மா இல்ல சார், ராத்திரி பூரா ஓடுது. மார்கழிக் குளிர்ல மலையில யார் வூட்லயும் மாவு பொங்காது. எங்க வூட்ல கம்ப்யூட்டர் சூட்டுல வச்சா பொங்கி வழியுது!"

ஆடிட்டர் சிரித்துவிட்டார். "அப்ப இது தானமே இல்லீங்க, வீட்டு உபயோகம்."

மலையேறும் வழியெல்லாம் அவரை முறைத்தேன். "நல்லதுதான சொன்னேன், இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், சொன்ன சொல்லுக்காகக் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தேன். அண்ணனுக்கென்று நான் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அழுகை வந்தது.

மறுநாள் காலையில் மாவு பொங்காமல் அரைத்தபடியே கிடந்தது. இட்லி கல்லாட்டம் வந்தது. அவர் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய் சுவிட்சைப் போட்டார்.

"மாவுக்குத்தான்" என்றார்.

அண்ணனுக்குக் கிடைக்காத கரண்ட், இட்லிக்குக் கிடைத்துவிட்டது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாக்கு துடித்தது. கோபத்தில் அவர் மறுபடி அணைத்துவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.