மச்சாளின் கூழும் பேத்தியின் அம்பிளிபயரும்

போன வருடம் சிறுபோக நெல் வெட்டு முடிந்த கிழமை, பரந்தன் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கடையில் நடந்த சங்கதி இது. இன்றைக்கும் அந்தச் சந்தியால் போகும்போது முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுதான் போகிறேன். கேட்டால் வெயிலுக்கு என்று சொல்லிவிடுவேன்.

என் மகளின் மகள் கிற்றார் வாசிப்பாள், கூடவே பாடுவாள். மெல்லிய குரல். அவள் பாடத் தொடங்கினால் குசினியில் சாமான் கழுவுகிறதை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். சாமான் கழுவாமல் இருக்க எனக்கும் அது நல்ல சாட்டு.

அதற்கு முதல் வருடம் அவள் பள்ளிக்கூட விழா ஒன்றில் பாடினாள். அங்கே கட்டியிருந்தது கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற, வாய் அகன்ற லவுட்ஸ்பீக்கர். அதற்குள்ளால் வந்த சத்தத்தைக் கேட்டு, மீன்காரன் வந்துவிட்டான் என்று நான் எழும்பிப் பார்த்தேன். கிற்றார் சத்தம் தகரத்தில் மழை பெய்த மாதிரி. நடுவில் அது 'கூ' என்று ஊளையிட, சனம் சிரித்துவிட்டது. மறுநாள் கிற்றார் அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"அது என்ர குரலே இல்லை, அம்மம்மா," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் கிற்றாருக்குள் ஒரு பல்லிதான் குடும்பம் நடத்தியது.

என் புருசனின் தங்கை, அதாவது என் மச்சாள், புதுக்குடியிருப்பில் இருக்கிறாள். அவளின் பேத்திக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. அந்தப் பொம்பிளைப்பிள்ளையும் என் பேத்தியும் சின்னனில் இருந்து ஒட்டு. வரவேற்பில் நீ பாட வேண்டும், பாடாவிட்டால் கலியாணத்துக்கே வராதே என்று அவள் போனில் சண்டை பிடித்தாள். என் பேத்தி கடைசியில் சம்மதித்தாள். ஆனால் மண்டபத்து லவுட்ஸ்பீக்கரில் பாட மாட்டாளாம். கிற்றாருக்கும் குரலுக்கும் சேர்த்து ஒரு சின்ன அம்பிளிபயர் வாங்கி, அதில்தான் பாடுவாளாம்.

"இதிலயும் என்ர குரல் வராட்டி, கிற்றாரை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ அம்மா," என்று தாயிடம் சொன்னாள். சும்மா சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

தாய்க்கும் தகப்பனுக்கும் நெல்லுக் காயவிடுகிற வேலை. தனியப் போனால் பிள்ளையை ஏமாற்றிவிடுவார்கள் என்று நான் துணைக்கு வெளிக்கிட்டேன். அம்பிளிபயர் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கண்டாவளையில் எத்தனை எருமை பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பல்லைப் பார்க்கிறது, தட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்க்கிறது. எல்லாச் சாமானுக்கும் அதுதானே.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர், நல்ல பொறுமைசாலி. நான் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டித் தூக்கிப் பார்க்க, அவர் பின்னால் வந்து நான் விட்ட இடத்தில் நேராக்கி வைத்தார். முதலில் ஒரு கறுத்த பெட்டியில் பேத்தி தன் கிற்றாரைக் கொழுவிப் பார்த்தாள். நெல்லுச் சூடடிக்கிற மெசின் மாதிரி ஒரு கரகரப்பு. அது வேற வகைக் கிற்றாருக்கு உள்ளதாம். சரி, தள்ளி வை.

அதற்குப் பக்கத்தில் நின்றது என் மனதுக்குப் பிடித்த பெட்டி. என் நெஞ்சளவு உயரம். முகத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடியது. "இதைக் கட்டும் தம்பி," என்றேன்.

"அம்மா, இது பாட்டுப் போட்டு ஆடுறதுக்கு. பிள்ளைக்கு இந்தச் சின்னன்தான் சரி," என்று கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். பிஸ்கட் தகரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கிற்றாருக்கு ஒரு ஓட்டை, மைக்குக்கு ஒரு ஓட்டை. ரெண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாமாம்.

"இதென்ன தம்பி, சோறு கட்டிக்கொண்டு போற பெட்டியோ?"

எங்கள் பக்கத்தில் சாமத்தியச் சடங்கோ கலியாணமோ எதுவென்றாலும், பாட்டுச் சத்தம் எத்தனை வயல் தாண்டுகிறது என்பதை வைத்துத்தான் சனம் அந்த வீட்டை எடைபோடும். ஒரு வயல் தாண்டாத சத்தம் என்றால் அங்கே கறியிலும் உப்பு இருக்காது என்றுதான் நினைப்போம். என் பேத்தி பாடுகிறாள், அது மண்டபத்து வாசலோடு நின்றுவிட்டால் எனக்கு என்ன மரியாதை?

பேத்தி என்னோடு வாதாடவில்லை. "ரெண்டிலயும் கதைச்சுப் பாருங்கோ அம்மம்மா. நான் தள்ளி நிண்டு கேக்கிறன்," என்றாள்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஆரைப் பற்றியாவது கதையுங்கோ. அதுதானே உங்களுக்கு நல்லா வரும்."

பெரிய பெட்டியில் மைக்கைக் கொழுவிக் கடைக்காரர் எதையோ திருகினார். நான் ஆரம்பித்தேன். வாய்க்கு வந்தது, பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டு மச்சாள் காய்ச்சுகிற ஒடியல் கூழ்தான்.

"புதுக்குடியிருப்பிலை எனக்கொரு மச்சாள் இருக்கிறா. வாற மாசம் பேத்திக்குக் கலியாணம். அவ கூழ் காச்சினா நண்டுக்கு நீச்சல் தெரிய வேணும். அவ்வளவு தண்ணி. மாவைத் தேடி நண்டு சுத்திச் சுத்தி வரும், இறால் வழி கேட்டுக்கொண்டு நிக்கும்."

அப்பப்பா, என்ன சத்தம்! நெஞ்சுக்குள் மேளம் அடித்தது. ஆனால் பெட்டிக்குள்ளால் வந்தது ஒரு தடித்த ஆம்பிளைக் குரல். லொத்தர் சீட்டு விற்கிற வானில் அறிவிக்கிறவன் என் வாயால் கதைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கச் சிரிப்பது கேட்டது. எனக்கு உசார் வந்துவிட்டது. இன்னும் நாலு சொன்னேன்.

வாசலில் நின்ற பேத்தி கையைக் காட்டினாள். நல்லாயிருக்கு என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் அடுத்த நிமிசம், கலியாணக் காட் நிறைந்த பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தில் இருந்து என் மச்சாள் கடைக்குள் வந்து நின்றாள்.

மைக் என் முந்தானைக்குள் போனது எப்படி என்று எனக்கே தெரியாது.

"மச்சாள்! நீ இஞ்சயோ? இப்ப ஒருத்தன் ஸ்பீக்கரிலை என்ர கூழைப் பற்றிக் கதைச்சான், கேட்டனியோ?" என்றாள் அவள்.

"ஓம், ஓம். ஒரு மீசைக்காரன். இப்பதான் மோட்டச்சைக்கிளிலை போனவன்."

கடைக்காரரின் கை தன்பாட்டில் தன் மீசைக்குப் போனது.

"எந்தப் பக்கம் போனவன்?"

"ஆனையிறவுப் பக்கம்."

மச்சாள் வெளியே போய், கண்டி றோட்டில் ஆனையிறவுப் பக்கமாகக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ர கூழைக் குடிச்சவன் ஆரோதான்," என்று பல்லை நெறுமினாள். அப்படியானால் அவனுக்குக் கோபம் இருக்கும்தானே என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. வெயில் என்று கடைக்காரர் வாசலை ஒட்டி வெளிச்சுவரோடு ஒரு கதிரை போட்டுக் கொடுத்ததை, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நான் கவனிக்கவில்லை.

இப்போது சின்னப் பெட்டியின் முறை. பேத்தி இந்த முறை கடையின் பின்சுவரோடு போய் நின்றாள். "ஏதும் நல்லதாக் கதையுங்கோ அம்மம்மா," என்று கும்பிட்டாள். தப்பிப் பிழைத்த சந்தோசப் புழுகத்தில் எனக்கு நல்லது ஒன்றும் வரவில்லை. இந்தத் தகரத்தின் சத்தம் வாசல் வரைக்கும் போகவா போகிறது என்று வேறு ஒரு எண்ணம். மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, காதுக்குள் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"பிள்ளை, ஒரு உண்மை சொல்லட்டோ? நாப்பது வருசமா உன்ர ஆச்சியின்ர கூழை நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டு, அவ அங்கால திரும்பேக்கை நாய்க்குத்தான் ஊத்தினனான். ஒருநாள் அந்த நாயும் என்னைப் பாத்துக் குலைச்சது."

அந்தப் பெட்டி கத்தவே இல்லை. ஆனால் என் மூச்சு, வெற்றிலை குதப்புகிற சத்தம், சொல்லி முடித்துவிட்டு நான் சிரிக்கிற கள்ளச் சிரிப்பு, எல்லாம் அப்படியே வந்தது. எனக்கே பக்கத்தில் இன்னொரு நான் நிற்கிற மாதிரி இருந்தது. பேத்தி சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, இது நீங்களேதான்," என்றாள்.

"ஓம், அவளேதான்," என்றது வாசல் பக்கத்துக் குரல்.

மச்சாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அடியே! நாப்பது வருசமா நாய்க்கோ? அப்ப அந்த மீசைக்காரனும் நீதானோ?"

கடைக்காரர் பெரிய பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயர் தேடத் தொடங்கினார். எனக்குக் கூழைப் பற்றின கவலை இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு பிள்ளை கிற்றாரை ஆணியில் இருந்து இறக்கியிருக்கிறாள். பாட இருப்பது இவளின் வீட்டுக் கலியாணத்தில். பாட வேண்டாம் என்று மச்சாள் ஒரு சொல் சொன்னால் முடிந்தது. என் வாயாலேயே பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன்.

"மச்சாள், என்னை என்னவும் பேசு. பிள்ளையை..." என்று தொடங்கினேன்.

ஆனால் பேத்தி குறுக்கே வந்துவிட்டாள். அவளுக்குச் சண்டையே காதில் விழவில்லை போல. "ஆச்சி, அம்மம்மாதான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? வெளியிலதானே இருந்தனீங்கள்?"

மச்சாளுக்குக் கோபத்துக்கு நடுவிலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. "இதென்ன கேள்வி பிள்ளை? அந்த மூக்காலை இழுக்கிற இழுவை ஆருக்கு இருக்கு? சண்டை நேரம் இடம்பெயர்ந்து போகேக்கை, அவ்வளவு சனத்துக்கை எங்களைத் துலைச்சிட்டு, தன்ர கோழியைக் காணேல்லை எண்டு கத்தின கத்தைக் கேட்டுத்தானே இவளை வந்து பிடிச்சனாங்கள். இந்தக் குரல் எனக்குத் தெரியாதோ?"

"அப்ப முதல் கேட்டது?"

"அது ஆரோ ஒரு தடியன்."

பேத்தி திரும்பினாள். "அண்ணை, இந்தச் சின்னனைக் கட்டுங்கோ," என்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பல்லைக் கண்டேன்.

மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் சொன்னேன். தன் குரல் தன் குரலாக வராது என்றுதான் பிள்ளை பயந்தது என்றேன். மச்சாள் காட் பையைக் கீழே வைத்தாள். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, அந்தப் பெரிய பெட்டியை ஒருக்காப் போடும்," என்றாள். என் கையில் இருந்த மைக்கைப் பறித்துக் கொழுவுவித்தாள்.

"சந்தியிலை நிக்கிற சனத்துக்கு ஒரு அறிவித்தல். இந்தக் கடைக்குள்ள பச்சைச் சீலையோட ஒரு கிழவி நிக்கிறா. கேட்டால் வயசு அறுபத்தைஞ்சு எண்டுவா. நம்பாதையுங்கோ. எழுவத்திரெண்டு."

பஸ்ஸுக்கு நின்ற சனம் வந்து வாசலில் எட்டிப் பார்த்தது. ஒருவர் மட்டும் "பாத்தால் தெரியேல்லை," என்றார். நல்ல மனிதர், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பஸ் ஏறும்போது மச்சாள் தீர்ப்பைச் சொன்னாள். "பிள்ளை பாடட்டும். நீ முன் வரிசையிலை வாயை மூடிக்கொண்டு இருக்க வேணும். கலியாணம் முடிஞ்ச நாலாம் நாள் கூழ் காச்சுவன். மூண்டு கோப்பை. நாயைக் கட்டிப்போட்டிட்டுத்தான் தருவன்."

வரவேற்பு அன்றைக்கு அந்தச் சின்னப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்து பேத்தி பாடத் தொடங்கினாள். மண்டபத்தில் ஒரே கதையும் கோப்பைச் சத்தமும். இது எடுபடாது, அந்தப் பெரிசை வாங்கியிருக்கலாம் என்று எனக்குள் ஒரு கள்ள எண்ணம் ஓடத்தான் செய்தது. அவள் கிற்றாரைக் கொஞ்சம் குறைத்து, குரலைக் கொஞ்சம் கூட்டினாள். முதலில் முன் வரிசை அடங்கியது, பிறகு நடு. பின்னால் கதிரை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் கதிரையைத் தூக்கி மெதுவாக வைத்தார்கள். என் குசினியில் நான் கேட்கிற அதே குரல். பக்கத்தில் இருந்த மச்சாள் என் துடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். நான் அழுகிறதைப் பார்த்துவிட்டாள் போல.

நாலாம் நாள் மூன்று கோப்பையும் குடித்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கூழ் நல்ல தடிப்பு. அதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தலைகீழாக நடப்பாள்.

எட்ட நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே இத்தனை காலமும் கத்தித் திரிந்திருக்கிறேன். இப்போது ஆரைப் பற்றியும் கதைக்க வாயெடுத்தால், முதலில் பக்கத்தில் பெட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனால் இந்தக் கிழட்டுக் குரலை, ஆயிரம் சனத்துக்குள் என்றாலும், இது அவள்தான் என்று பிடிக்க ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கும்போது, அவளின் கூழில் நாலாவது கோப்பையும் குடிக்கலாம் போலத்தான் இருக்கிறது.