தோட்டக்கலை வரிசைக்குப் பின்னால்

அடையாற்றில் நான் ஒப்பந்தப் பணியாளராக இருக்கும் நூலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது ஒரு கைபேசி வடிவில்தான். அலமாரி முன்னால் அதைப் பிடித்தபடி நடந்தால், புத்தக முதுகுகளைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, எது இல்லை என்று சொல்லிவிடும். முதல் வாரமே முப்பத்தொரு புத்தகம் காணவில்லை என்றது.

"நல்லா தேடிப் பாருப்பா. மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார் நூலகர் மேடம்.

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. யாரும் தொடாத தோட்டக்கலை வரிசை, கனமான அகராதிகள், பழைய அரசிதழ்கள். அவற்றின் பின்னால் கையை விட்டேன். இருபத்தாறு கிடைத்தன; எல்லாவற்றையும் அவற்றுக்குரிய அலமாரிகளில் அடுக்கினேன். முதுகு தெரியாததைக் கைபேசியால் படிக்க முடியாது. எனக்கு அந்த இடங்கள் தெரியும். கல்லூரிக் காலத்தில் நானும் அங்கேதான் ஒளித்து வைப்பேன். உறுப்பினர் அட்டைக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில் மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு. வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; எனக்கு நானே ஜாமீன் நிற்க முடியாது. அட்டை உள்ளவர்கள் எடுத்துப் போய்விடாமல் இருக்க, பாதி படித்ததை ஒளித்துவிட்டுப் போவேன்.

"ஏஐ கண்டுபிடிச்சிடுச்சு பாரேன்" என்று மேடம் எல்லோரிடமும் சொன்னார். அந்தக் கைபேசி வேலைக்கு என்னையே பொறுப்பாக்கினார். நான் திருத்தவில்லை.

மறுவாரம் ஓர் அக்கா வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் முடித்துவிட்டு, மதியத்தில் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்க வருகிறவர். தோட்டக்கலை வரிசையில் கையை விட்டுத் துழாவினார். பிறகு என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீல அட்டை போட்ட கணக்கு புக்கு. பின்னாடி சொருகி வெச்சிருந்தேன். இன்னா ஆச்சு?"

ஒரே பிரதி. யாரோ முந்தாநாள் இரவல் எடுத்துப் போயிருந்தார்.

"புதுசா ஏஐ வந்துகீதுக்கா. அது எடுத்துடுச்சு."

"அடப்பாவமே. பின்னாடி கீறதுகூட அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்போ வரும் புக்கு?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"பரீட்சையே பத்து நாள்ல கீதே நைனா."

கணக்குப் பகுதியில் அவர் பாதிதான் தாண்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதமாக என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர். ஒரு பழைய பதிப்பை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "இது பழைய பாடம் தம்பி" என்று திருப்பி வைத்துவிட்டார்.

பிறகு, "தப்பு என்னுதுதான். ஒளிச்சி வெச்சிருக்கக் கூடாது. மேடமாண்ட சொல்லிடாத நைனா, உள்ள வுட மாட்டாங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன்க்கா."

"நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடத்திடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.