இடுப்பளவு நீரில் சிவலை

உள்துறைமுகக் கரையில் விடிந்தும் விடியாத நேரம். இடுப்பளவு நீரில் ஒரு குதிரை அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் சேலையை வரிந்து கட்டி, குதிரையின் தலைக்கயிற்றைத் தோளில் போட்டபடி என் மனைவி நிற்கிறாள். கல்யாணமாகி வருடம் திரும்பாத புதுப்பெண். தோளில் கட்டுடன் நான் கரையில். அவளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது மணவறையில் பார்த்த முகமல்ல, இந்தக் காட்சிதான். நான் மறுபடி நிமிர்ந்து நடந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் அந்தத் தண்ணீருக்குள் இறங்கித்தான் சொல்ல வேண்டும்.

அப்போது நான் நீர்ப்பாசன ஓவசியர். தம்பலகாமப் பக்கத்து வாய்க்கால்களும் குளக்கட்டுகளும் என் பொறுப்பு. மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் சைக்கிளைக் கொண்டுபோனால் நான் அதில் போவதற்குப் பதிலாக அது என் தோளில் வரும். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன சமயம், ஓர் அதிகாரி தன் குதிரையை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டார் முகத்தைச் சுழித்தும் கேளாமல் வாங்கி வந்தேன். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. செம்மண் நிறமாக இருந்ததால், மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல அம்மா அதைச் சிவலை என்றார். அதுவே நிலைத்துவிட்டது. அதன் மேல் ஏறி ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வரும்போது வேலிகளுக்கு மேலால் எத்தனை தலைகள் எட்டிப் பார்க்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஆவணியில் கல்யாணம். மார்கழி அடைமழையில் ஒரு குளக்கட்டின் ஓரம் எங்கள் கீழ் சரிந்தது. நானும் சிவலையும் ஒருவர்மேல் ஒருவர் உருண்டோம். எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அதற்கு முன்னங்காலின் தசைநார் கிழிந்து கால் தூணாக வீங்கிவிட்டது. லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மிருக வைத்தியர் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு தப்பிவிட்டது, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும், நாள்தோறும் கடல்நீரில் நிறுத்துங்கள் என்றார். ஆளைச் சுமக்குமா என்று கேட்டதற்கு அவர் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியோடு கதையையும் கொண்டுவந்தார்கள். குதிரையின் நெற்றிச் சுழி சரியில்லை என்று முதலில் தொடங்கியவர் பெரியம்மா. சுழி, குதிரையை வாங்கின நாளிலிருந்து அங்கேதானே இருக்கிறது, இவ்வளவு நாளும் விழவில்லையே என்று யாரோ கேட்டபோது, பெரியம்மா குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே என் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், கதை கால் மாறிவிட்டது. எல்லாம் புதுப்பெண் வந்த நேரம் என்று.

என் அம்மா கெட்ட மனுசியல்ல, பயந்த மனுசி. எங்கள் வீட்டில் யார் வெளிக்கிட்டாலும் ராசியான ஒருவர் எதிரே வந்து நிற்க வேண்டும். முழுவியளம் பார்ப்பது என்பார்கள். கல்யாணமான நாள் முதல் அதற்கு என் மனைவியைத்தான் நிறுத்தினார். விழுந்த பிறகு, கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, அம்மா தாழ்ந்த குரலில், “பிள்ளை, நீ குசினிக்குள்ள நில்” என்றுவிட்டுத் தானே வந்து எதிரே நின்றார். அன்றிலிருந்து அப்பா கடைக்குப் போனாலும், தம்பி பள்ளிக்கூடம் போனாலும் அவள் குசினிக்குள். நான் ஒருமுறை வாய் திறந்தேன். அம்மா அழுதார். அழுகிற ஆளோடு எப்படி வாதாடுவது?

பிறகு சிவலையை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. வண்டிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். அன்று பின்னேரம் என் மனைவி கட்டிலடியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அதுவரை அவள் என்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

“ராசியில்லை எண்டு குதிரையை வித்தா, மிச்சம் இருக்கிறது நான்தான். என்னை எங்க கொண்டுபோய் விக்கிறது?” என்றாள். “அது திரும்ப நடக்கவேணும். நீங்கள் திரும்ப அதில ஏறவேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

அவள் சம்பூர் வேளாண்மைக் குடும்பத்துப் பெண். குதிரையைக் கிட்டத்தில் கண்டதே எங்கள் வீட்டில்தான். ஆகவே அவள் சிவலையை ஒரு மாடாகவே நடத்தினாள். தவிட்டைக் கரைத்து வைத்தாள். வைக்கோலால் உடம்பை உரஞ்சினாள். நடத்திப் போகும்போது மாட்டை ஓட்டும் சத்தம், நிறுத்தும்போது “ஓ... ஓ...” என்று இழுக்கும் சத்தம், எல்லாம் அவள் அப்பாவின் வயலில் கேட்டவை. குதிரைக்கு அது விளங்காது என்று நான் கரையில் நின்று பாடம் எடுத்தேன். “இவ்வளவு நாளும் இங்கிலிசில கேட்டது, இனித் தமிழில கேட்கட்டும்” என்றாள். காலையில் கடலுக்கு, பின்னேரம் கடலுக்கு. துறைமுகத்து வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தடியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். பங்குனியளவில் வீக்கம் வற்றியது. கோடை வெயில் ஏறுவதற்குள் சிவலை நொண்டாமல் நடந்தது.

நான்தான் நொண்டினேன். எலும்பு கூடிவிட்டது, கட்டை அவிழ்த்தாயிற்று. ஆனால் சேணத்தில் கை வைத்ததும் அந்தக் குளக்கட்டு காலடியில் சரிவது மறுபடி தொடங்கும். அங்கவடியில் ஒரு காலை வைத்தபடி கொக்குமாதிரி நின்றுவிட்டு, இன்னும் அதற்குக் கால் சரியில்லை என்று வீட்டாரிடம் சொல்வேன். அம்மா உடனே வண்டிக்காரரை நினைவூட்டுவார். என் வேலைக் கந்தோரிலும், மாரிக்கு முன் சுற்றுக்குப் போக ஏலாதென்றால் வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவளை ஏமாற்ற முடியவில்லை. ஒருநாள் கடற்கரையில் சொன்னாள்: “அதுக்கு இப்ப நோவில்லை. உங்களுக்குத்தான் நோவு. அதை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணிக்குள்ள வைச்சு ஏறுங்கோ. விழுந்தா தண்ணியிலதானே விழுவீங்கள்.”

வேறு யாரும் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். சேணமில்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மார்பளவு நீரில் சிவலையின் முதுகில் தொற்றி ஏறினேன். தண்ணீர் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. அவள் கயிற்றைப் பிடித்து நடக்க, சின்னப் பிள்ளையைப்போல் பிடரிமயிரை இறுக்கிக்கொண்டு இருந்தேன். அடுத்தடுத்த நாட்களில் அவள் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் கொண்டுவந்தாள். குதிரையின் வயிற்றளவு நீர், பிறகு முழங்காலளவு, பிறகு குளம்பு நனையும் அளவு. எந்த நாளில் கடலை விட்டு வெளியே வந்தேன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் அவள் கெட்டித்தனம்.

ஒரு காலை ஈர மணலில் நான் தனியே ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் திடீரென்று சங்கு ஊதியது. சிவலை பதறி ஓடத் தொடங்கியது. கடிவாளத்தை இழுத்தேன், கேட்கவில்லை. அப்போது பின்னால் தூரத்தில், அவசரமில்லாமல், “ஓ... ஓ...” என்று ஒரு குரல். சிவலை அந்த இடத்திலேயே உழவுமாடுபோல நின்றுவிட்டது. நான் மேலேயே இருந்தேன். விழவில்லை. இந்தக் குதிரையை நிறுத்த முடியும் என்பது என் உடம்புக்கு விளங்கிய கணம் அதுதான். அதற்குப் பிறகு நானும் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டேன். நீர்ப்பாசன ஓவசியர் குதிரையிலிருந்து மாட்டுச் சத்தம் போடுவதைத் தம்பலகாமத்து வயல்களில் கமக்காரர் கொஞ்சக் காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதல் மழைக்கு முன் வேலைக்குப் புறப்பட்டேன். சேணம் போட்டு ஏறி வாசலில் நின்றேன். அம்மா வழக்கம்போல எதிரே வந்தவர், என்ன நினைத்தாரோ, பாதியில் நின்றார். குசினிப் பக்கம் திரும்பி, “பிள்ளை, வா. நீ முன்னுக்கு நில்” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முன்னால் வரவில்லை.

“நான் முன்னுக்கு நிண்டா சிவலை எனக்குப் பின்னாலதான் வரும், மாமி. அவர் வேலைக்குப் போகவேணும்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும்தான். அவள் ஓரமாக நின்று குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்படியே போனேன், எதிரே யாருமில்லாமல். மூன்றாம் நாள் பின்னேரம் சேறும் சிரிப்புமாகத் திரும்பி வந்தேன்.

சிவலை வயதாகித்தான் செத்தது. அம்மாவும் போய்ச்சேர்ந்தார். இன்று அவளும் இல்லை. நான் வீட்டைவிட்டு இறங்கும்போது யாரும் எதிரே நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கத்தான் ஆளில்லை. அவளுடைய நல்ல காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி கல்யாணம் முடித்துப் புதுப்பெண்ணோடு எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒரு மாதம் ஆகவில்லை, கடற்படைத் தளத்து வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டான். பார்க்க வந்தவர்களில் பெரியம்மாவும் ஒருவர். தளர்ந்துபோயிருந்தாலும் நாக்கு தளரவில்லை. “எல்லாம் வந்த நேரம்...” என்று தொடங்கினார். தம்பி மனைவி கையில் தேநீர்த் தட்டோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

என் மனைவி எழுந்துபோய்த் தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, எல்லாருக்கும் நடுவில், தன் கதிரையில் இருத்தினாள்.

“பெரியம்மா,” என்றாள், “முதல்ல அந்தச் சைக்கிளின்ர பிறேக்கைப் பாப்பம்.”